விலைப் பட்டியல்: ஒரு கணக்கைப் பல பத்திகளுக்குப் போடும் முறை

நமது சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடையில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் போடவும், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யவும் அது பயன்படுகிறது. ஆனால் விலைப் பட்டியல் என்று வரும்போது பலரும் பழைய வழக்கத்தையே விடாமல் வைத்திருக்கிறோம். பட்டியலை எக்ஸெல் தாளில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலையாகத் தட்டிப் பார்த்து, வந்த தொகையைத் தாளில் ஏற்றுகிறோம். 400 அயிட்டம், அதற்கு மூன்று விலை என்றால் 1,200 தடவை தட்ட வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் தட்டுகிற கை எத்தனை இடத்தில் தவறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது இந்தச் சிரமம் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. செப்டம்பர் 3-இல் கவுன்சில் முடிவு, 22-இல் அமல். இடையில் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய், வெண்ணெய், பாதாம், பேரீச்சம்பழம், மிக்சர் வகைகள் 12-லிருந்து 5-க்கு வந்தன. பொட்டலமிட்ட பனீருக்கு இருந்த 5 சதவீதம் அடியோடு போனது. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2007 ஜனவரியில் நமது மாநிலத்தில் வாட் வந்தது. 2011 ஜூலையில் பன்னிரண்டரை சதவீதம் பதினாலரை ஆனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. இனிமேலும் மாறும். ஆகவே, ஒரே கணக்கைப் பட்டியலின் பல பத்திகளுக்கும் ஒரே மூச்சில் போடுவது எப்படி என்பதை ஒரு தடவை உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது. வேலைக்கு வைத்திருக்கும் பையனுக்குத் தெரிந்தால் போதாது. முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேலிருந்து கீழாகப் போவதைப் பத்தி என்கிறேன். காலம் என்றும் சொல்வார்கள். இடமிருந்து வலமாகப் போவதை வரிசை என்கிறேன். வரி என்று எழுதினால் அது சர்க்காருக்குக் கட்டுகிற வரி என்று குழப்பம் வரும். பத்தியும் வரிசையும் சந்திக்கும் இடம் கட்டம். எக்ஸெலில் பத்திகளுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துப் பெயர், வரிசைகளுக்கு எண். இந்த இதழில் அந்த எழுத்துகளைத் தமிழில் கொடுக்கிறேன். தாளில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளவும்.

ஒரு மொத்தக் கடைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஏ பத்தியில் பொருளின் பெயர். பி-யில் ஹெச்.எஸ்.என். எண். சி-யில் பழைய வரி. டி-யில் புதிய வரி. இ-யில் உள்ளூர்க் கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் விலை. எஃப்-இல் வெளியூர் விலை. ஜி-யில் சில்லறை விலை. மூன்று விலைகளும் வரி உள்பட. பொருள்கள் ஐந்தாவது வரிசையில் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் இதைக் காகிதத்தில் சரியாகப் போட்டுவிட வேண்டும். வரி 18-லிருந்து 5 ஆனது, வித்தியாசம் 13, ஆகவே விலையில் 13 சதவீதம் கழித்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஒரு பெட்டி சோப்பு வரி உள்பட ரூ.1,180 என்றால், அதில் சரக்கு விலை ரூ.1,000, வரி ரூ.180. புதிய வரி ரூ.50. ஆகவே புதிய விலை ரூ.1,050. ஆனால் 1,180-இல் 13 சதவீதம் கழித்தால் ரூ.1,026.60 தான் வரும். பெட்டிக்கு ரூ.23.40 கைநஷ்டம். 50 பெட்டி போட்டால் ரூ.1,170. சோப்பு வியாபாரத்தில் நமக்கு நிற்பது பல சமயம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். அந்த லாபம் முழுவதையும் இந்த ஒரு கழித்தல் விழுங்கிவிடும். நெய்யிலும் இப்படியே. வரி உள்பட ரூ.616 விற்ற நெய் ரூ.577.50 ஆக வேண்டும். ஏழு சதவீதம் கழித்தவர் ரூ.572.88-க்குக் கொடுப்பார். ஒரு லிட்டருக்கு ரூ.4.62 போயிற்று.

சரியான கணக்கு இதுதான்: பழைய விலையைப் பழைய வரியோடு சேர்ந்த ஒன்றால் வகுத்து, புதிய வரியோடு சேர்ந்த ஒன்றால் பெருக்க வேண்டும். அதாவது 1.18-ஆல் வகுத்து 1.05-ஆல் பெருக்குவது.

இதை ஐந்தாவது வரிசையில் ஐ பத்தியில் இப்படி எழுத வேண்டும்:

=இ5*(1+$டி5)/(1+$சி5)

ஹெச் பத்தியைச் சும்மா இடைவெளியாக விட்டிருக்கிறேன். ஐ, ஜே, கே மூன்றும் புதிய விலைகளுக்கான பத்திகள். இந்த ஒரு சூத்திரத்தை எழுதிவிட்டு, அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து கே வரை வலப்புறம் இழுத்து, பிறகு கடைசிப் பொருள் வரை கீழே இழுத்தால் 1,200 விலைகளும் தயார். இழுப்பது கைக்கு வராதவர்கள் ஐ5 முதல் கே-யின் கடைசிக் கட்டம் வரை முழுவதையும் முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சூத்திரத்தை அடித்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி என்டர் கொடுக்கலாம். எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் நிரம்பும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் ஆல்ட் விசையை அழுத்த வேண்டும்.

சூட்சுமம் எல்லாம் அந்த டாலர் குறியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து அமெரிக்கப் பணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ‘நகராதே’ என்று சொல்லும் ஆணி அது. சூத்திரத்தை ஒரு பத்தி வலப்புறம் நகர்த்தினால் எக்ஸெல் தானாகவே இ என்பதை எஃப் ஆக்கும், பிறகு ஜி ஆக்கும். விலையைப் பொறுத்தவரை நமக்கு அதுதான் வேண்டும். ஆனால் வரி விகிதம் மூன்று விலைக்கும் ஒன்றுதான். அது டி-யிலும் சி-யிலும்தான் இருக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டு எழுத்துகளுக்கும் முன்னால் ஆணி அடிக்கிறோம். எண்ணுக்கு முன்னால் அடிக்கவில்லை. ஏனென்றால் கீழே போகப் போக அந்தந்தப் பொருளின் வரியை எடுக்க வேண்டும். சூத்திரத்தில் டி5 என்ற இடத்தில் கர்சரை வைத்து எஃப்4 விசையை அழுத்திக்கொண்டே போனால் டாலர் குறி இடம் மாறி மாறி வரும். நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

டாலரே போடாவிட்டால் என்ன ஆகும்? வெளியூர் விலைப் பத்தியில் சோப்பின் விலை பல லட்சம் ரூபாய் என்று காட்டும். வரிக்குப் பதிலாக விலையையே வரியாக எடுத்துப் பெருக்கியிருக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. பார்த்தவுடன் யாருக்கும் தெரிந்துவிடும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வோம்.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் இரண்டுக்குமே ஆணி அடித்து, $டி$5 என்றும் $சி$5 என்றும் எழுதிவிட்டால், கீழே உள்ள எல்லாப் பொருளுக்கும் முதல் வரிசைச் சோப்பின் வரியே விழும். ரூ.577.50 வர வேண்டிய நெய்க்கு ரூ.548.14 வரும். வரியே இல்லாத 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ரூ.5,000 என்றிருந்தால் ரூ.4,449.15 ஆகிவிடும். பார்வைக்கு எல்லாம் நியாயமான விலையாகத்தான் தெரியும். வரி குறைந்த சமயத்தில் விலை குறைந்திருப்பதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வாங்கிப் போகிறவர் மட்டும் சந்தோஷமாக நாலு மூட்டை கூடுதலாகக் கேட்பார்!

இன்னும் இரண்டு விஷயம். வரிப் பத்தியில் 18% என்று சதவீதக் குறியோடு அடிக்க வேண்டும். வெறும் 18 என்று அடித்தால் எக்ஸெல் அதைப் பதினெட்டு மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். 118 ரூபாய் சரக்கு ரூ.37.26 ஆகும். அடுத்தது, குளிர்பானம். சோடா, கோலா வகைகளுக்குப் புதிய வரி 40 சதவீதம். பழைய வரி 28 என்று நினைத்து அப்படியே போட்டால் விலை 9 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். உண்மையில் பழைய 28-உடன் செஸ் 12 சதவீதமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து 40. ஆகவே சி பத்தியிலும் 40% என்றே போட வேண்டும். விலை மாறாது. பருப்பு, அரிசி விஷயத்தில் 2022 ஜூலை 18 முதல் இருந்து வரும் வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான பைக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. ஆகவே ஒரே பருப்புக்குப் பட்டியலில் இரண்டு வரிசை வேண்டும்.

வரி மாறுவது எப்போதாவதுதான். வண்டி வாடகை, இறக்குக் கூலி ஏறியதால் எல்லா விலையையும் ஒரே மாதிரி ஒன்றரை சதவீதம் உயர்த்துவது அடிக்கடி வரும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. காலியான ஒரு கட்டத்தில் 1.015 என்று அடித்து அதைக் காப்பி செய்யவும். பிறகு மூன்று விலைப் பத்திகளையும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷல் என்பதைத் திறந்து, மேலே வேல்யூஸ், கீழே மல்டிப்ளை இரண்டையும் குறித்து ஓகே கொடுத்தால் எல்லா விலையும் இருந்த இடத்திலேயே உயர்ந்துவிடும். வேல்யூஸ் குறிக்காவிட்டால் கட்டங்களின் கோடு, நிறம் எல்லாம் மாறிப் பட்டியல் அலங்கோலமாகும்.

வழி சுலபம்தான். ஆனாலும் நான் இதை அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. பழைய விலை அழிந்துபோகிறது. தாளைச் சேமித்து மூடிவிட்டால் திரும்ப வராது. பெருக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை பெருக்கினால் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், கேட்பாரில்லை. விலை இல்லாத காலிக் கட்டங்களில் பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், மறைத்து வைத்த பத்தி. நம்மில் பலர் கொள்முதல் விலையை விலைப் பத்திகளுக்கு நடுவில் வைத்து, வேலையாட்கள் கண்ணில் படாமல் மறைத்து வைப்பது வழக்கம். இ-யிலிருந்து ஜி வரை தேர்ந்தெடுக்கும்போது நடுவில் மறைந்திருக்கும் பத்தியும் சேர்ந்தே தேர்வாகும். அதுவும் பெருகும். எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடையில் இப்படி ஆகி, மூன்று மாதம் கொள்முதல் விலை தப்பாகவே இருந்தது. லாபம் ஏன் குறைகிறது என்று ஆடிட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மில் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இதைவிட நல்ல வழி, விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வைப்பது. எல் பத்தியின் முதல் கட்டத்தில் 1.5% என்று வைத்துக்கொண்டு, =இ5*(1+$எல்$1) என்று எழுதி இழுத்தால் போதும். இங்கே எழுத்து, எண் இரண்டுக்கும் ஆணி வேண்டும். ஏனென்றால் எந்தப் பொருளுக்கும் எந்தப் பத்திக்கும் அந்த ஒரே கட்டம்தான். நாளை ஒன்றரை இரண்டானால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் பட்டியல் முழுவதும் மாறும்.

கொள்முதல் விலையிலிருந்தே மூன்று விலைகளையும் கணக்கிடுவோர் இன்னொரு முறையைக் கையாளலாம். கொள்முதல் விலை இ பத்தியில் இருக்கட்டும். கடைக்கு 1.02, வெளியூருக்கு 1.03, சில்லறைக்கு 1.08 என்று அந்தந்தப் பத்தியின் தலையில் மூன்றாவது வரிசையில் எழுதிவைத்து, =$இ5*எஃப்$3 என்று போட வேண்டும். கொள்முதலுக்கு எழுத்தில் ஆணி. லாப விகிதத்துக்கு எண்ணில் ஆணி. பழைய ரெடி ரெக்கனர் புத்தகத்தில் இடப்பக்கம் ஓர் எண்ணும் மேலே ஓர் எண்ணும் பார்த்து, சந்திக்கும் இடத்தில் விடை எடுப்போமே, அதே தத்துவம்தான். கணக்குத் தாளைத் தனிநபர் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த விசிகால்க் என்னும் முதல் புரோகிராம் 1979-இல் வெளிவந்தது. அதை உண்டாக்கிய இருவரில் ஒருவரான டான் பிரிக்லின் அப்போது ஹார்வர்டில் வியாபார நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தவர். ஓர் எண்ணைத் திருத்தினால் தாள் முழுவதும் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பில் பிறந்த யோசனை என்பார்கள். நம்முடைய சலிப்பும் அதுதானே.

ஏற்றிய விலையைப் பிறகு இறக்க வேண்டி வந்தால் கவனம் தேவை. 100 ரூபாயில் பத்து சதவீதம் ஏற்றினால் 110. அதில் பத்து சதவீதம் இறக்கினால் 99. பழைய 100 அல்ல. பழைய விலைக்கே திரும்ப வேண்டுமானால் 1.10-ஆல் வகுக்க வேண்டும்.

எந்தப் பத்தியைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்.எஸ்.என். எண், ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி, எடை, தேதி ஆகியவை எல்லாம் எண்கள்தான். ஆனால் விலை அல்ல. கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெருக்கச் சொன்னால் பெருக்கிவிடும். ஹெச்.எஸ்.என். பத்தியை ஆரம்பத்திலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வைப்பது உத்தமம். நெய்க்கு 0405 என்று அடித்தால் எக்ஸெல் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தூக்கிவிட்டு 405 என்று வைத்துக்கொள்ளும். டெக்ஸ்ட் என்று வைத்தால் பூஜ்யம் போகாது.

காலிக் கட்டம் உள்ள பட்டியலில் சூத்திரத்தை =இஃப்(இ5="","",இ5*(1+$டி5)/(1+$சி5)) என்று எழுதினால் காலியானது காலியாகவே இருக்கும். பைசாவை முழுமையாக்க ரவுண்ட் போடலாம். ஆனால் கடைசிக் கணக்கில் மட்டும் போட வேண்டும். உருப்படிக்கு முழுமையாக்கிப் பிறகு பெட்டிக்குப் பெருக்கக் கூடாது. பத்து ரூபாய்ச் சரக்கு 8.898 ஆகிறது. அதை 9 என்று முழுமையாக்கி 144 உருப்படி உள்ள பெட்டிக்குப் பெருக்கினால் ரூ.14.64 கூடுதல் வரும். வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்குத்தான் கெட்ட பெயர். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலையைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. நமது கணக்கு அதைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இனி சரிபார்ப்பு. இதற்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் தவறவே கூடாது. எம், என், ஓ என்று மூன்று பத்திகளில் புதிய விலையைப் பழைய விலையால் வகுக்க வேண்டும். எம்5 கட்டத்தில் =ஐ5/இ5 என்று எழுதி வலப்புறமும் கீழேயும் இழுத்தால் போதும். இங்கே டாலர் வேண்டாம். பைசாவை முழுமையாக்குவதற்கு முன்பே இதைச் செய்தால் 18-லிருந்து 5 ஆனவற்றுக்கு எல்லாம் 0.8898, 12-லிருந்து 5 ஆனவற்றுக்கு 0.9375, 5-லிருந்து வரியே இல்லாமல் போனவற்றுக்கு 0.9524, மாறாதவற்றுக்கு 1 என்று வரும். இந்த நாலைத் தவிர வேறு எண் எங்கே தெரிந்தாலும் அங்கே கோளாறு. பருப்புக்கு நேரே 0.8898 தெரிந்தால், ஆணி தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வரிசையில் மூன்று பத்திக்கும் ஒரே எண் வராவிட்டால், யாரோ நடுவில் ஒரு விலையைக் கையால் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கண்ணால் 1,200 விலை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் சரியாக இருந்தால் புதிய விலைப் பத்திகளைக் காப்பி செய்து, வேறு தாளில் பேஸ்ட் ஸ்பெஷல் வழியாக வேல்யூஸ் மட்டும் ஒட்டவும். இதற்கு முன் பழைய பத்திகளை அழித்தால் சூத்திரங்கள் ஆதாரம் இழந்து, விலை இருந்த இடமெல்லாம் பிழைக் குறியாகிவிடும். பழைய தாளுக்கு 21-9-2025 வரை என்று பெயர் வைத்து அப்படியே பத்திரப்படுத்தலாம். வரி மாறுவதற்கு முந்தைய பில்லுக்குச் சரக்குத் திரும்பி வரும்போது அந்த விலை தேவைப்படும்.

கடைசியாக, பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எக்ஸெல் தாளாக அனுப்ப வேண்டாம். மறைத்து வைத்த கொள்முதல் விலைப் பத்தியை, வாங்குகிறவர் வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் இரண்டே கிளிக்கில் திறந்துவிடுவான். பி.டி.எஃப். ஆக மாற்றி, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதை மேலே பெரிதாகப் போட்டு அனுப்பவும்.